சாரல் சீசனில் படம் சொதப்பினால்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிற கூட்டமே மாறிவிடும். குற்றாலத்தில் குளித்தவர்கள், பாலருவி பார்த்தவர்கள், தென்மலை வரை போய்த் திரும்பியவர்கள் எல்லாரும் ஈரத் தலையோடு வந்து நிற்பார்கள். கடை செங்கோட்டையில் இருப்பதால் மலைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் உண்டு. "அண்ணாச்சி, கேமரா போச்சு போல" என்பார் ஒருவர். "சேட்டா, ஒரு போட்டோவும் கிளியர் இல்லா" என்பார் அடுத்தவர்.

போச்சு என்று கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. துடைத்துக் கொடுத்தால் போதும், இல்லையென்றால் ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பதற்றத்தில் எதையாவது அழுத்தி, எதையாவது தேய்த்து, சின்னக் குறையைப் பெரிய செலவாக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் படத்தில் எந்தக் குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததற்கு வாருங்கள்.

## படம் முழுக்க மங்கல், பால் ஊற்றியதுபோல் இருக்கிறது

முதலில் விளக்கு தெரிகிற ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல்பிலிருந்து நீளமாக ஒளிக்கோடு இழுத்துக்கொண்டு போகிறதா? அப்படியானால் லென்ஸில் எண்ணெய்.

குற்றாலத்தில் இதுதான் முதல் காரணம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறோம், அதே கையால் போனை எடுக்கிறோம். போன வருடம் மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி, புதுப் போன் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கேமரா கெட்டுவிட்டது என்று முகம் வாடி நின்றார். போனை ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். லென்ஸ் கண்ணாடியில் வானவில் நிறத்தில் ஒரு படலம், அதில் பெருவிரல் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. பஞ்சுத் துணியால் துடைத்துவிட்டு அவரையே எதிர்த்த டீக்கடையை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கண்ணாடி கிளாஸில் டீயின் நுரைகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஈரத் துண்டு, சட்டை நுனி இரண்டும் வேண்டாம். துண்டில் எண்ணெயும் சோப்பும் இருக்கும், சட்டையில் மணல் இருக்கும். போன் என்றால் சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, லேசாக வாயால் ஆவி ஊதி, வட்டமாகத் துடைத்தால் போதும். கேமரா லென்ஸ் என்றால் முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். அதன் பிறகுதான் துணி. லென்ஸ் கழுவும் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள், கண்ணாடி மேல் நேராக விடாதீர்கள். ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

துடைத்தும் மங்கல் போகவில்லை, போன் என்றால்: கேமரா மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதற்கும் நிஜ லென்ஸுக்கும் நடுவில் அருவித் தண்ணீர் புகுந்து நின்றிருக்கும். கேமராவில் யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். மலிவான ஃபில்டர் எதிர்வெயிலில் படத்தையே வெளுக்கவைக்கும்.

ஐந்து பத்து நிமிடத்தில் தானே தெளிகிறது என்றால்: அது ஆவி. ஏசி பஸ்ஸிலிருந்தோ ஏசி ரூமிலிருந்தோ கேமராவை எடுத்துக்கொண்டு நேராக ஈரக்காற்றில் இறங்கினால், குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூக்கும். பழுது எதுவும் இல்லை. ரூமை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்ததும் 20 முதல் 30 நிமிடம் அப்படியே விட்டால் ஆவி பை மேலேயே பூத்துப் போகும். அந்த நேரத்தில் மட்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள். ஆவி, படத்தைப் பதிகிற சென்சார் வரைக்கும் போய்விடும். போன் கேமராவின் உள்பக்கம் நீர் பூத்து, ஒரு நாள் கழிந்தும் போகவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டியதுதான். உள்ளே தண்ணீர் இருக்கிறது.

லென்ஸுக்கு உள்ளே சிலந்தி வலை போல் நூல் தெரிந்தால்: அதுதான் பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், பூஞ்சை வேர்விட்டதுபோல் கிளை பிரிந்து தெரியும். இதை வீட்டில் திறக்க முயல வேண்டாம். உள் கண்ணாடியைக் கழற்றி அதே இடத்தில் திரும்ப உட்காரவைப்பது பயிற்சி உள்ளவர் வேலை. ஆரம்பத்திலேயே கொண்டுபோனால் சுத்தம் செய்துவிடுவார்கள். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இது அதிகம். வருடத்தில் பல மாதம் காற்றில் ஈரம், போதாததற்கு நாம் லென்ஸைத் தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் பூட்டிவிடுகிறோம். பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 60 தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்து நாலு படம் எடுத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

## எல்லாப் படத்திலும் கரும்புள்ளி

நாலைந்து படங்களை அடுத்தடுத்துத் தள்ளிப் பாருங்கள். புள்ளி இடம் மாறுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா?

இடம் மாறினால், அல்லது மங்கலான வட்டமாக இருந்தால், லென்ஸ் முன்னால் சாரல் துளி. துடைத்தால் தீர்ந்தது. ஐந்தருவி போன்ற இடத்தில் துடைத்த மறு நிமிடம் மறுபடி துளி வந்து உட்காரும். லென்ஸ் முன்னால் மாட்டும் குழாய் போன்ற ஹூட் போட்டுக்கொள்ளுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், படம் எடுக்கிற கணம் வரைக்கும் மூடியைத் திறக்காதீர்கள். காய்ந்த துணி இரண்டு மூன்று வேண்டும். ஒன்றே வைத்திருந்தால் பத்தாவது படத்தில் அதுவும் நனைந்திருக்கும்.

ஒரே இடத்தில் நின்றால் லென்ஸை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே இடம் என்றால் சென்சாரில் தூசி. உறுதி செய்ய அப்பர்ச்சரை எஃப் 16 என்ற சின்னத் திறப்பில் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். தூசி கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். எஃப் 2.8 போன்ற பெரிய திறப்பில் அதே தூசி கரைந்துபோய்விடும். அதனால்தான் முகப் படங்களில் தெரியாத புள்ளி மலைப் படங்களில் தெரிகிறது.

முதலில் கேமராவிலேயே இருக்கும் சென்சார் சுத்தம் செய்யும் வசதியை இரண்டு மூன்று முறை ஓடவிடுங்கள். போகவில்லையா, கேமராவை முகம் கீழாகப் பிடித்து ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றும் வேண்டாம். ஊதியும் போகாத தூசி ஒட்டிய தூசி. அதற்கு ஈரக் குச்சி வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கை நடுங்காதவர்கள் செய்யலாம் என்றாலும், முதல் தடவை சர்வீஸில் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள் என்றே சொல்வேன்.

எடுத்து முடித்த படங்களுக்குக் கவலை வேண்டாம். லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு படத்தில் புள்ளியை நீக்கி, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் ஒரேயடியாக ஒட்டிவிடலாம். வானம், பனி மாதிரி வெறுமையான இடமென்றால் நன்றாக வரும்.

## அருவி வெறும் வெள்ளைத் துணியாக விழுந்திருக்கிறது

கேமராவில் எந்தக் குறையும் இல்லை. கறுத்த பாறை, அடர்ந்த பச்சை, நடுவில் வெள்ளை நீர். மொத்தக் காட்சியும் இருட்டாக இருக்கிறது என்று கேமரா நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. தண்ணீரின் இழைகள் அதில் கரைந்துபோகின்றன.

போனில், திரையில் அருவியின் மேலேயே தொடுங்கள். சூரியன் போல ஒரு குறி வரும், அதைக் கீழே இழுங்கள். நீரில் இழை தெரிகிற வரைக்கும் இழுத்து அங்கே நிறுத்துங்கள். பாறை கொஞ்சம் கறுத்தால் பரவாயில்லை, பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வைத்துவிட்டு, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள். அதிலுள்ள மேடு வலது ஓரத்தில் போய் முட்டி நின்றால் இன்னும் குறைக்க வேண்டும். பின்திரை வெளிச்சத்தை நம்பாதீர்கள். வெட்டவெளியில் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

ஏற்கெனவே வெளுத்துப்போன படத்தை மீட்க முடியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்திருந்தால் ஹைலைட்டைக் குறைத்தால் ஓரளவு திரும்ப வரும். ரா 12 அல்லது 14 பிட் தகவலோடு இருக்கிறது, ஜேபெக்கில் 8 பிட்தான். ஜேபெக்கில் வெளுத்தது வெளுத்ததுதான். இழுத்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகும். ஒரு மலைப் பயணத்துக்கு மட்டுமாவது ரா போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

நீர் பட்டுபோல் வழிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஸ்டாண்ட் இல்லாமல் முயன்றுவிட்டு, மொத்தப் படமும் கலங்கியதென்று வருவார்கள். ஸ்டாண்ட், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, எஃப் 11, ஷட்டர் கால் நொடியிலிருந்து ஒரு நொடிக்குள், இரண்டு நொடி டைமர். ஸ்டாண்டில் வைத்த பிறகு லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். பகலில் அப்படியும் வெளிச்சம் அதிகமாக இருக்கும். எஃப் 22க்குத் தள்ளாதீர்கள், அங்கே கூர்மை குறைந்துவிடும். போலரைசர் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), நனைந்த இலையிலும் பாறையிலும் உள்ள வெள்ளைப் பளபளப்பையும் எடுத்துவிடும். அந்தப் பளபளப்பு போனதும் இலைக்கு அடியில் இருந்த பச்சை எழுந்து வருவதைப் பார்க்கிறபோது, இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மனசு துள்ளும்.

இன்னொன்று, இது கேமரா விஷயம் அல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். பெண்கள் குளிக்கிற பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். அருவியின் மேல்பாதியை மட்டும் எடுத்தாலே படம் நன்றாகத்தான் இருக்கும்.

## வானம் வெள்ளை, கோபுரமும் வளைவும் கறுப்பு

எதிர்வெளிச்சம். எங்கள் ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்ப் பக்கம் சேர்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது. அதை எடுக்க வருகிறவர்கள் சூரியன் வளைவுக்குப் பின்னால் நிற்கிற நேரத்தில் எடுத்துவிட்டு, சங்கே தெரியவில்லை என்பார்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வருகிற வேளைக்குக் காத்திருப்பதுதான் நல்ல மருந்து. முடியாதென்றால், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்துச் சேர்க்கும் ஹெச்டிஆர் போட்டு எடுங்கள், அல்லது வானத்துக்கு வெளிச்சத்தைப் பிடித்து எடுத்துவிட்டு எடிட்டிங்கில் நிழலைத் தூக்குங்கள். தென்காசி கோபுரத்துக்கும் இதே கதைதான்.

## ரயிலில் எடுத்ததெல்லாம் கலங்கல்

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மலைப்பாதை 1904ல் திறந்தது. அகலப்பாதையாக மாறி 2018லிருந்து ஓடுகிறது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து ஆரியங்காவு பக்கம் வெளியே வருகிறபோது பெட்டி முழுக்க ஒரே சத்தமாக இருக்கும். எல்லாக் கையிலும் போன். அன்று சாயங்காலமே அதில் பாதிப் படம் என் கடைக்கு வந்துவிடும்.

கலங்கலில் வகை இருக்கிறது. படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

மரம், கம்பம் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது, தூரத்து மலை மட்டும் தெளிவு: ஷட்டர் வேகம் போதவில்லை. மலையில் ரயில் மெதுவாகத்தான் போகும் என்றாலும் பக்கத்து மரம் நம் கண்ணைத் தாண்டும் வேகம் அதிகம். ஷட்டரை 1/1000 நொடியில் வையுங்கள், இருட்டினால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். குருணை கொஞ்சம் வரும். வரட்டும், குருணையைக் குறைக்கலாம், இழுபட்டதைச் சேர்க்க முடியாது.

எல்லாமே ஒரே திசையில் இரட்டையாகத் தெரிகிறது: கை ஆடியிருக்கிறது. முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றாதீர்கள், பெட்டியின் அதிர்வு அப்படியே கேமராவுக்கு ஏறும். உடம்போடு கையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஓடாத இடத்தில்கூடக் குறைந்தது 1/200 வேண்டும் என்பது பழைய கணக்கு.

ஜன்னல் கம்பி கூர்மை, பாலம் கலங்கல்: ஃபோகஸ் கம்பியில் உட்கார்ந்துவிட்டது. திரையில் தூரத்துப் பொருளைத் தொட்டுச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். ஏசி பெட்டிக் கண்ணாடி வழியாக என்றால் லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்து, பெட்டி விளக்கின் பிரதிபலிப்பைக் கையால் மறையுங்கள்.

பதின்மூன்று கண் பாலத்தை ரயிலுக்குள்ளிருந்து எடுத்தால் பாலமே தெரியாது, நீங்கள் அதன் மேல் இருக்கிறீர்கள். கொல்லம் சாலையில் கழுதுருட்டி பக்கம் இறங்கிக் கீழேயிருந்து எடுங்கள். கண் ஒவ்வொன்றும் முழுசாக விழும். தயவுசெய்து படிக்கட்டில் தொங்கிக்கொண்டு எடுக்க வேண்டாம்.

படத்தின் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் எப்போதும் கலங்கல்: இதுதான் செலவு வைப்பது. சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, நேர் எதிரே ஸ்டாண்டில் வைத்து எஃப் 4ல் ஒன்று, எஃப் 11ல் ஒன்று எடுங்கள். நாலு மூலை எழுத்தையும் வாசித்துப் பாருங்கள். இடது மூலை எழுத்து மட்டும் கலைந்திருந்தால் லென்ஸ் எங்கேயோ அடி வாங்கி உள்ளே சாய்ந்திருக்கிறது. அந்தச் செய்தித்தாள் படத்தையும் எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள், வேலை பாதி குறையும்.

## நிறம் சரியில்லை

முகம் பச்சையாக இருந்தால் காட்டு நிழல். பாலருவிப் பாதையில் இலை வழியாக வடிந்து வருகிற வெளிச்சமே பச்சைதான். கடைத்தெருவில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் முகம் நீலம். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து மாற்றி மேகமூட்டத்துக்கு வையுங்கள். எடுத்த பிறகு என்றால் ஸ்னாப்சீட், லைட்ரூம் எதிலும் டின்ட் என்ற நகர்த்தும் கோல் (ஸ்லைடர்) இருக்கும், அதை இளஞ்சிவப்புப் பக்கம் கொஞ்சமாக நகர்த்துங்கள். படத்தில் வெள்ளை வேட்டியோ வெள்ளைச் சட்டையோ இருந்தால் அதைப் பார்த்து நகர்த்துங்கள். வேட்டி வெள்ளையானால் முகமும் சரியாகிவிடும்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வேறு தொல்லை. இதழ்களின் கோடே இல்லாமல் மஞ்சள் கட்டியாக வரும். வெளிச்சம் மொத்தமாகச் சரியாக இருந்தாலும் சிவப்பு நிறத்தின் கணக்கு மட்டும் தாண்டியிருக்கும். கேமராவில் நிறம் தூக்கிக் காட்டும் விவிட் முறையை அணைத்துவிட்டு, வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். எடிட்டிங்கில் மஞ்சளின் அடர்த்தியை மட்டும் குறையுங்கள், மொத்தத்தையும் குறைத்தால் வானம் செத்துவிடும்.

இனி எடிட்டிங்கில் நாமே செய்துகொள்கிற கேடு. புளியரை வயலைப் பிளாஸ்டிக் பச்சையாக்கி, மலை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுகிற அளவுக்கு மூட்டம் நீக்கும் டீஹேஸ் கோலை இழுத்து, "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்குங்க அண்ணாச்சி" என்று கேட்பார்கள். புளியரை வயலுக்கு அழகே மலையிலிருந்து இறங்கி நிற்கிற அந்த மேகம்தான். அதைத் துடைத்துவிட்டால் எந்த ஊர் வயல் என்றே தெரியாது. நான் செய்வது இது: எடிட் முடித்துச் சேமித்துவிட்டு அன்றோடு விட்டுவிடுவேன். மறுநாள் காலையில் திறந்து, ஒவ்வொரு கோலையும் முந்தின நாள் வைத்ததில் பாதிக்குக் கொண்டுவருவேன். அநேகமாக அதுதான் சரியாக இருக்கும்.

திரையில் பளிச், பிரிண்டில் இருட்டு: உங்கள் திரை வெளிச்சம் முழுசாக ஏற்றியிருக்கிறது. பாதிக்குக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பிரிண்டில் கண்டதுபோலவே தெரியும். அந்த வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்யுங்கள். பெரிய பிரிண்ட் போடுவதற்கு முன் ஒரு சின்னப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள், பத்து இருபது ரூபாயில் முடியும்.

கம்ப்யூட்டரில் நல்ல நிறம், போனுக்கு அனுப்பினால் சோகை பிடித்ததுபோல்: அடோபி ஆர்ஜிபி என்ற நிற முறையில் சேமித்திருப்பீர்கள். போன்களுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

கோயில் கொடையில் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை: எல்இடி விளக்கு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வையுங்கள், பட்டை போய்விடும்.

## பிரிண்டில் தலை வெட்டுப்படுகிறது, அல்லது கட்டம் கட்டமாக இருக்கிறது

தலை வெட்டு ஸ்டுடியோவின் தப்பு என்று சண்டைக்கு வருவார்கள். போன் படம் 4க்கு 3 அளவு, 6க்கு 4 தாள் 3க்கு 2 அளவு. மேலும் கீழும் வெட்டித்தான் ஆக வேண்டும். குடும்பப் படம் எடுக்கும்போது தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

கட்டம் விழுந்தால், அந்தப் படம் எப்படி என்னிடம் வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கிப்போகும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்படியே வரும். நல்ல பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொண்டால் 6க்கு 4 அளவுக்கு 1800க்கு 1200 போதும். சுவரில் மாட்டும் 18க்கு 12க்கு 5400க்கு 3600 வேண்டும்.

## கார்டு திறக்கவில்லை, படத்தைக் காணோம்

இங்கே மட்டும் அவசரப்படவே கூடாது. கார்டை எடுத்துத் தனியாக வையுங்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கம்ப்யூட்டரோ கேமராவோ ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆரியங்காவிலிருந்து ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இரண்டும் கலந்து பேசுகிற குடும்பம். அந்த அம்மாவின் தாயார் தொண்ணூறு வயதில் ஆசைப்பட்டுக் குற்றாலம் வந்திருக்கிறார். அருவிக்குப் பக்கத்தில் போக முடியாமல், தூரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சாரல் மட்டும் முகத்தில் படுகிற மாதிரி எடுத்த படங்கள். அடுத்த மாதமே பாட்டி தவறிவிட்டார். கார்டைப் போட்டால் லேப்டாப் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. நல்லவேளையாக அந்தப் பையன் அதை அழுத்தவில்லை.

கார்டைப் பார்த்தேன், 64 ஜிபி. அவர்களுடைய ரீடர் ரொம்பப் பழசு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளைப் பழைய ரீடர் பலவற்றால் படிக்க முடியாது, கார்டில்தான் கோளாறு என்று காட்டிவிடும். என் ரீடரில் போட்டதும் ஃபோல்டர் திறந்தது. பாட்டி கண்ணை மூடி, முகத்தைத் தூக்கிச் சாரலை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அழுதுகொண்டே திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். செலவு ஒன்றுமில்லை. ஃபார்மட்டை அழுத்தியிருந்தால் நிலைமை வேறு.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள். வேறு ரீடர். மைக்ரோ கார்டு என்றால் வேறு அடாப்டர், அடிக்கடி போவது அதுதான். கார்டின் தங்க நிறத் தகடுகளை உலர்ந்த மெல்லிய துணியால் ஒரு துடை. அடுத்து, எடுத்த கேமராவிலேயே போட்டு யுஎஸ்பி வயர் வழியாகப் பாருங்கள். படிக்கிறது, எழுத மட்டும் மறுக்கிறது என்றால் கார்டின் பக்கவாட்டிலுள்ள குட்டிப் பூட்டு கீழே இறங்கியிருக்கும், மேலே தள்ளுங்கள்.

கார்டு தெரிகிறது, படம் இல்லை என்றால்: தவறி அழித்ததோ ஃபார்மட் ஆனதோ, மேலே புதிதாக எதுவும் எழுதாத வரைக்கும் பெரும்பாலும் மீட்கலாம். ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். மீட்கிற படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். ஃபைல் பெயரும் தேதி வரிசையும் கலைந்து வரும், படம் வரும்.

போனின் உள்சேமிப்பில் அழித்தது கதை வேறு, அங்கே மென்பொருள் அநேகமாக உதவாது. குப்பைத்தொட்டியை உடனே பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். ஐபோனில் சமீபத்தில் நீக்கியவை என்ற இடத்தில் 30 நாள்.

எந்த ரீடரிலும் கார்டு தெரியவே இல்லை, அல்லது தொட்டால் சுடுகிறது, அல்லது விரிசல் விட்டிருக்கிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். தகவல் மீட்புக்கென்றே இருக்கும் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் போகும். அனுப்புவதற்கு முன் எவ்வளவு ஆகும், மீளவில்லையென்றால் பணம் உண்டா இல்லையா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படம் அந்த அளவுக்கு வேண்டுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

மலிவாகக் கிடைத்த பெரிய கார்டு, முதல் சில படம் நன்றாக இருந்து மீதி எல்லாம் சாம்பலாகத் திறக்கிறது என்றால் அது போலிக் கார்டு. மேலே 256 என்று போட்டு உள்ளே 16 வைத்து விற்பார்கள். புதுக் கார்டு வாங்கியதும், பயணத்துக்கு முன்பே, முழுக்க நிரப்பித் திரும்பத் திறந்து பாருங்கள்.

## தண்ணீரில் விழுந்துவிட்டது

ஆன் செய்து பார்க்காதீர்கள். அணைந்திருந்தால் அப்படியே விடுங்கள், எரிந்துகொண்டிருந்தால் அணையுங்கள். கேமரா என்றால் பேட்டரி, கார்டு, லென்ஸ் மூன்றையும் கழற்றுங்கள். போன் என்றால் சிம் தட்டை உருவி, சார்ஜ் துளை கீழே பார்க்கிற மாதிரி பிடித்து லேசாகத் தட்டுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூசியும் மாவும் துளைக்குள் போகும். ஹேர் டிரையரும் வேண்டாம். ஃபேன் காற்றில் விரித்து வையுங்கள், ஈரம் முழுக்கப் போகும் வரைக்கும் சார்ஜ் போடாதீர்கள்.

சாரலில் நனைந்ததற்கு இது போதும். மூழ்கியிருந்தால், அதுவும் கேமரா என்றால், காய்ந்து வேலை செய்வதுபோல் தெரிந்தாலும் உள்ளே அரிப்பு தொடங்கியிருக்கும். அன்றைக்கோ மறுநாளோ சர்வீஸில் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எப்போது விழுந்தது, எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது, பிறகு ஆன் செய்தீர்களா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆன் செய்து பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால், பழுது எங்கே என்று தேடுவதிலேயே அவருக்கு ஒரு நாள் போய்விடும்.